சுடலைமுத்துவின் சாட்சி

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு இருக்கட்டும். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்ல, போன வாரம் ஒரு போதகர் விழுந்துட்டாரு. இதுல உக்காருங்க. ஃபேன் போடட்டுமா? போட்டா சத்தம் வரும், போடாட்டா வேர்க்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.

அபிஷா அப்பாதானே? மூக்கப் பாத்தாலே தெரியுது. எம்.எஸ்ஸி. கணிதம், முதல் வருஷம். ரெண்டு வியாழக்கிழமை வந்தா, ஓரமா உக்காந்திருந்துட்டுப் போனா. இப்ப நீங்க தூத்துக்குடியிலருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும் சார். பிள்ளைய இந்த மாணவர் ஐக்கியத்துல சேக்கலாமா கூடாதான்னு பாக்க வந்திருக்கீங்க. முகாம்ல என்னவோ நடந்துச்சாமேன்னு உங்க சபையில சொல்லியிருப்பாங்க. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நான் மேடையிலருந்து குதிச்சு ஓடுனேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. ஓடல சார். வேகமா நடந்தேன். எனக்கு அம்பத்தி நாலு வயசு, முட்டுல வலி, எங்கருந்து ஓட?

நடந்தத நானே சொல்லுதேன். மத்தவங்க சொல்லிக் கேக்கதுக்கு நான் சொன்னா கொஞ்சமாவது சரியா இருக்கும்.

என் பேரு லாசரஸ் பொன்னுத்துரை. வேலை தாலுகா ஆபீஸ்ல. சாயங்காலம் ஆனா இங்க வந்துருவேன், இருபத்தஞ்சு வருஷமா. யுனிவர்சிட்டியில படிக்கிற நம்ம பிள்ளைங்கள ஆவிக்குரிய வாழ்க்கையில வளக்கணும், அவங்க போயி மத்தவங்களுக்கு சுவிசேஷம் சொல்லணும். அதான் ஊழியம். பிள்ளைங்க எல்லாம் என்ன லாசர் அண்ணன்னு கூப்பிடும். முதல்ல கூப்பிட்ட பிள்ளைங்களுக்கு இப்ப பேரப்பிள்ளைங்களே வரப்போகுது, நான் இன்னும் அண்ணன்தான். ஐக்கியத்துல யாருக்கும் வயசாகாது.

வருஷா வருஷம் மூணு பேர நான் தனியா எடுத்துக்கிடுவேன். சீடர்கள் மாதிரி, சீஷர் குழுன்னு பேரு. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு இந்த ரூம்ல. ஒவ்வொருத்தர்ட்டயும் ஒரு நோட்டு இருக்கும். காலையில தியானம் பண்ணியா, எத்தன நிமிஷம் ஜெபிச்ச, யாருக்கு சுவிசேஷம் சொன்ன, அவன் என்ன சொன்னான், இந்த வாரம் எந்தப் பாவத்துல விழுந்த. அஞ்சு கேள்வி. நானே உண்டாக்குனது. சில பிள்ளைங்க அந்த அஞ்சாவது கேள்விக்கு 'சோம்பல்'னே வருஷம் பூரா எழுதியிருக்கு. வேற ஒண்ணுமே பண்ணலயால, வாலிப வயசுலன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கிடும்.

போன வருஷம் மூணு பேரு. கிப்சன்னு ஒருத்தன், இயற்பியல். கிட்டார் வாசிப்பான். ஜெபம்னா இருபது நிமிஷம் கண்ணத் தொறக்காம பண்ணுவான், முடிக்கும்போது பாதிப் பேரு தூங்கியிருப்பாங்க, மீதிப் பேரு அழுதுக்கிட்டிருப்பாங்க. எனக்குப் பிறகு இவன்தான்னு நெனச்சிருந்தேன். அடுத்தவன் ஜெபஸ்டின், எம்.காம். வருவான், உக்காருவான், பிஸ்கட் சாப்பிடுவான், போயிருவான். வாயத் தொறந்து ஜெபிக்கச் சொன்னா இருமுவான். மூணாவது பெர்சிஸ். திசையன்விளைக்காரி, எம்.ஏ. வரலாறு.

இந்தப் பெர்சிஸ்தான் சார்.

நல்ல பிள்ளதான். ஆனா கேள்வி. எதச் சொன்னாலும் ஒரு கேள்வி. 'அண்ணே, அது எந்த வருஷம்? அண்ணே, அப்ப கூட யாரு இருந்தா?' ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதக்கூடாதுன்னு அவ டிபார்ட்மெண்டுல சொல்லிக் குடுத்திருக்காங்க. அத அங்கேயே வச்சிட்டு வரலாம்ல? கூடவே கொண்டுட்டு வந்துருவா.

இப்ப கண்டக்டர் கதையச் சொல்லணும். இந்த மாவட்டத்துல நம்ம ஐக்கியத்துல வளந்த யாரக் கேட்டாலும் தெரியும். இருபத்தி மூணு வருஷமா எல்லா முகாம்லயும் கடைசி நாள் அதச் சொல்லுவேன். நான் செங்கோட்டை பஸ்ல போயிக்கிட்டிருந்தேன். கண்டக்டர் பேரு சுடலைமுத்து. அவரு வாழ்க்கையே வெறுத்துப் போயி, அன்னைக்கு டூட்டி முடிச்சதும் உயிர விட்டுறலாம்னு இருந்தாரு. ஆலங்குளத்துல நான் அவருகிட்ட ஆண்டவரப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். பாவூர்சத்திரம் வர முன்னால மனுஷன் ரெண்டு சீட்டுக்கு நடுவுல முழங்கால் போட்டு, கையில கெட்டியிருந்த சாமிக் கயித்த அறுத்து சன்னல் வழியா வீசிட்டு, ஓன்னு அழுது, இயேசுவ ஏத்துக்கிட்டாரு.

முதல் வருஷம் நான் சொல்லும்போது கண்டக்டர் கண்ணு மட்டும்தான் கலங்குனாரு. ரெண்டு மூணு வருஷத்துல முழங்கால் வந்துச்சு. கயிறு வந்தது எந்த வருஷம்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஒரு தடவ குற்றாலத்துல பிள்ளைங்க ரொம்ப அமைதியா கேட்டுச்சு, அந்த வேகத்துல டிரைவரும் வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதாருன்னு சொல்லிட்டேன். மறு வருஷம் டிரைவர எடுத்துட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்குல்ல?

அந்தக் கதையக் கேட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனவங்க பதினோரு பேரு சார். அதையும் நீங்க பாக்கணும்.

இந்தப் பெர்சிஸ் போன வருஷம் ஜூலை மாசம் இதே இடத்துல உக்காந்து கேட்டா: 'அண்ணே, அதுக்குப் பிறகு அவர யாரு பாத்துக்கிட்டா?'

'யார?'

'கண்டக்டர. புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்கள அநாதையா விடக்கூடாதுன்னு நீங்கதானே போன வாரம் எழுதிப் போட்டீங்க?'

'அவரு... அந்தப் பக்கம் ஒரு சபையில சேந்துருப்பாரு.'

'எந்த சபைண்ணே?'

'ஏ பிள்ள, நோட்ட எடு, தியானம் பண்ணியா இல்லையா?'ன்னேன்.

அதோட அந்தப் பிள்ள விட்டுட்டுன்னு நெனச்சேன். விடல. ரெண்டு சனிக்கிழமை செங்கோட்டைக்குப் போயிருக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஒரு டீக்கடை, ரிட்டயர்டு ஆன டிரைவர் கண்டக்டர் எல்லாம் காலையில அங்கதான் பேப்பர் படிக்க வருவாங்களாம். சுடலைமுத்துன்னு பேரு, இன்ன வருஷம் திருநெல்வேலி வண்டியில இருந்தவருன்னு கேட்டிருக்கா. ஆள் அங்கேயே உக்காந்து வடை சாப்பிட்டுக்கிட்டிருந்திருக்காரு.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு ரகசியமா வச்சிருந்திருக்கா.

டிசம்பர் முகாம். முந்நூறு பிள்ளைங்க. கடைசி நாள் காலைக் கூட்டம். சென்னையிலருந்து மாநிலச் செயலாளர் அருள்ராஜ் ஐயா வந்திருக்காரு, கோட்டு போட்டுக்கிட்டு. அந்த வேக்காட்டுல கோட்டு. என்ன மாநில ஆலோசகரா அறிவிக்கப் போறாங்கன்னு முந்தின நாளே காதுல போட்டுட்டாங்க. நானும் புதுச் சட்டை. கண்டக்டர் கதையச் சொன்னேன். அன்னைக்குச் சொன்னது மாதிரி என்னைக்கும் சொன்னதில்ல சார். கயித்த அறுத்தப்ப முன்வரிசையில ஒரு பிள்ள தேம்புச்சு. கிப்சன் பின்னாலருந்து மெல்லிசா கிட்டார விட்டுக்கிட்டிருந்தான்.

நான் முடிச்சதும் பெர்சிஸ் மைக்க வாங்குனா. முகமெல்லாம் சிரிப்பு. 'லாசர் அண்ணன் இருபத்தி மூணு வருஷமா நமக்குச் சொன்ன அந்த சுடலைமுத்து ஐயா இன்னைக்கு நம்ம மத்தியில வந்திருக்காங்க'ன்னா.

எனக்குக் காதுக்குள்ள ஒரு குக்கர் விசில் கேட்டுச்சு.

கை தட்டுதாங்க, எந்திரிச்சு நிக்காங்க. பின் வாசல் வழியா ஒரு பெரியவர் வாராரு. வெள்ளை வேட்டி, கையில ஒரு பை நிறைய கொய்யாப் பழம். நெத்தியில இங்கருந்து இதுவரைக்கும் மூணு பட்டை திருநீறு. வலது கையில கயிறு. ஒண்ணு இல்ல சார், மூணு கயிறு. சிவப்பு, மஞ்சள், கருப்பு.

கைதட்டு பாதியில நின்னுச்சு. கொஞ்சம் பேரு மட்டும் நிறுத்தத் தெரியாம தட்டிக்கிட்டிருந்தாங்க.

மனுஷன் நேரா மேடைக்கு வந்து பழப் பைய என் கையில குடுத்தாரு. மைக்கப் புடிச்சாரு. அவரு பேசுனது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு.

'எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. முப்பத்தோரு வருஷம் உள்ள போங்க, உள்ள போங்கன்னுதான் கத்தியிருக்கேன்'னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் ஒரு நிமிஷம் தப்பிச்சிட்டோம்னு இருந்துச்சு.

'இந்த சார் அன்னைக்குக் கடைசிக்கு முந்தின சீட்டுல உக்காந்திருந்தாரு. டிக்கெட் கேட்டேன். வாயத் தொறந்தாரு, பேச்சு வரல. அழுதாரு. சின்னப் பிள்ள கணக்கா அழுதாரு. என்ன சார்னேன். காலையிலதான் பிள்ளையப் பொதச்சிட்டு வாரேன்னாரு. பொம்பளப் பிள்ள. ஒரு நாளு கூட தங்கல. எனக்கும் தலைப்பிள்ள அப்படித்தாங்க போச்சு. அதான் பக்கத்துல உக்காந்துட்டேன். ஆலங்குளத்துலருந்து பாவூர்சத்திரம் வர ஒருத்தருக்கும் டிக்கெட் போடல. சும்மா அவரு கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். எறங்கும்போது பைக்குள்ள கைய விட்டு ஒரு நோட்டீஸ் எடுத்துக் குடுத்தாரு. அழுதுக்கிட்டே குடுத்தாரு. இயேசு உங்களை நேசிக்கிறார்னு போட்டிருந்துச்சு. இவ்வளவு கஷ்டத்துலயும் நமக்கு எதாச்சும் குடுக்கணும்னு இந்த மனுஷனுக்குத் தோணுதேன்னு எனக்கு ஆச்சரியம். வீட்ல சுடலைமாடன் படத்துக்குப் பின்னால பத்திரமா வச்சிருக்கேன்.'

பேசிட்டு என் பக்கம் திரும்புனாரு. மைக்குலயே கேட்டாரு சார். 'அந்த அம்மா எப்படி இருக்காங்க? ஆஸ்பத்திரியில தனியா விட்டுட்டு வந்துட்டேன்னு சொன்னீங்களே?'

முந்நூறு பிள்ளைங்க. எல்லாம் என்னயே பாக்குது. கிப்சன் கிட்டார்லருந்து 'டொய்ங்'னு ஒரு கம்பி மட்டும் தானா அடிச்சுச்சு.

அப்பத்தான் நான் வேகமா நடந்தேன். பழப் பையோட.

மண்டபத்துக்குப் பின்னால சமையக்கட்டு. வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல போயி உக்காந்துட்டேன். சமையக்காரர் பாத்தாரு. 'சும்மா இருக்கதுக்கு இத உரிங்க'ன்னு ஒரு கூடை சின்ன வெங்காயத்த முன்னால வச்சிட்டுப் போனாரு. உரிச்சேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. வெங்காயம்னா வராதா?

உள்ளதச் சொல்லணும்னா சார், அன்னைக்கு நான் குற்றாலத்துக்கு ஒரு முகாம்ல பேசப் போயிக்கிட்டிருந்தேன். ஒரு மாசம் முந்தியே வாக்குக் குடுத்தாச்சு. ஊழியத்துக்குப் போறவன் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எனக்கு அப்ப ஒரு வைராக்கியம். பிள்ளையப் பொதச்சிட்டு, செல்வபாய்க்கு, எங்க வீட்டம்மா, அவளுக்கு வேதத்துலருந்து ஒரு வசனம் சொல்லிட்டு, பஸ் ஏறிட்டேன். சாயங்காலம் முகாம்ல சாட்சி சொல்லச் சொன்னாங்க. மேடையில ஏறி நிக்கேன், மனசுல அந்த பஸ் மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்ல. ஒரு கண்டக்டரப் பாத்தேன்னு ஆரம்பிச்சேன். அழுதது நான்னு வாய்ல வரல. அவரு அழுதாருன்னு வந்துட்டு. பொய் சொல்லணும்னு சொல்லல. ஆள் மட்டும் மாறிப் போச்சு. அதுக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ள கெடையாது. சரி, அது வேற விஷயம்.

வெங்காயம் பாதி உரிச்சிருப்பேன், பெர்சிஸ் வந்தா. முகம் வெளுத்துப் போயி.

'அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே. திருநீறப் பாத்தப்ப சந்தேகம் வந்துச்சு. ஆனா அவரு உங்களப் பத்திப் பேசும்போது கண் கலங்குனாரு. அப்ப நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.'

நான் அவகிட்ட சொன்னத இப்பச் சொல்லவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. 'நீ என்னக் காட்டிக் குடுத்துட்ட. இருபத்தி மூணு வருஷ ஊழியத்த ஒரு காலையில முடிச்சிட்ட. உனக்கு இருக்கது விசுவாசம் இல்ல, போலீஸ் புத்தி. இனிமே இந்த ரூம் பக்கமே வராத'ன்னேன். என் முன்னால கெடந்த வெங்காயச் சருகப் பாத்துக்கிட்டே நின்னா. பிறகு போயிட்டா.

அருள்ராஜ் ஐயா மத்தியானம் வந்து தோள்ல கை வச்சி, 'கொஞ்ச காலம் ஓய்வு எடுங்க பிரதர்'னாரு. ஆலோசகர் பதவி நாகர்கோவில்காரர் ஒருத்தருக்குப் போச்சு. அவருகிட்டயும் ஒரு லாரி டிரைவர் கதை இருக்கு. யாரும் தேடிப் போயிறக் கூடாதுன்னு ஜெபிச்சிக்கிட்டிருக்கேன்.

சுடலைமுத்து ஒரு தப்பும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். மனுஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்து, பிள்ளைங்களுக்கெல்லாம் சாம்பார் ஊத்திட்டு, 'சாருக்கு உடம்பு சரியில்லையா?'ன்னு கேட்டுட்டுப் போயிருக்காரு. தன்னால என்ன நடந்துச்சுன்னே அவருக்குத் தெரியாது.

அடுத்த வியாழக்கிழமை இந்த ரூமுக்கு வந்தேன். பாடம் எடுக்க இல்ல, சாவிய ஒப்படைச்சிட்டுப் போக. ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு தெரியும். கிப்சன் வரல. அவன் இப்ப வேற ஒரு ஊழியத்துல இருக்கான், அங்க டிரம்ஸ் எல்லாம் உண்டாம். அலமாரியப் பூட்டிக்கிட்டிருக்கேன், பின்னால இருமல். ஜெபஸ்டின்.

'பிஸ்கட் இல்லடே இன்னைக்கு'ன்னேன்.

'அதுக்கு வரலண்ணே'ன்னான். உக்காந்தான். கொஞ்ச நேரம் நோட்ட உருட்டிக்கிட்டிருந்தான். 'அண்ணே, இந்த நோட்டுல நான் எழுதுனது எல்லாமே பொய்யி. ரெண்டு வருஷமா எனக்கு ஜெபமே வரல. கண்ண மூடுனா சுவரு மாதிரி இருக்கு. அந்தக் கண்டக்டர் கதையக் கேக்கும்போதெல்லாம் எனக்கு பயமா இருக்கும். நான் பேசி யாருமே முழங்கால் போடல. எங்க ரூம்காரன் பக்கிரிச்சாமிகிட்ட ஒரு தடவ ஆரம்பிச்சேன், அவன் எனக்கு தோசை வாங்கிக் குடுத்து அனுப்பிட்டான். என்கிட்டதான் என்னமோ குறைன்னு நெனச்சேன். இந்த செமஸ்டரோட எல்லாத்தையும் விட்டுறலாம்னு இருந்தேன்.'

'இப்ப?'ன்னேன்.

'இப்ப என்னன்னு தெரியல. ஆனா அந்த ஐயா பேசுன பிறகு உங்களப் பாக்கணும்னு தோணுச்சு.'

இந்த மாதிரி ஒருத்தன் வந்தா சொல்லதுக்கு எனக்கு நாப்பது வசனம் மனப்பாடம் சார். நம்பர் போட்டு வச்சிருக்கேன். அன்னைக்கு ஒண்ணு கூட வரல. 'எனக்கும் தெரியலடே'ன்னேன். ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் இங்க உக்காந்திருந்தோம். அவன் கொஞ்சம் பேசுனான். நான் எதையுமே சொல்லிக் குடுக்கல. என் ஊழியத்துலயே வீணாப்போன ஒரு சாயங்காலம்னா அதான். ஆனா போகும்போது பய கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான். எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வர புரியல.

சாவி என் பையிலயே இருந்துட்டு.

வாசல்ல நின்னு அவன் ஒண்ணு சொன்னான். 'பெர்சிஸ் மெஸ்ஸுக்கே வரலயாம்ணே.'

மறுநாள் லேடீஸ் ஹாஸ்டல் கேட்டுக்குப் போனேன். அங்க ஒரு வாட்ச்மேன் அம்மா. ரெஜிஸ்டர்ல எழுதுங்கன்னாங்க. பேரு, வயசு, உறவுமுறை. அம்பத்தி நாலுன்னு எழுதிட்டு பக்கத்துல 'அண்ணன்'னு எழுதுனேன். அந்தம்மா என்னையும் பாக்காங்க, ரெஜிஸ்டரையும் பாக்காங்க. 'பிள்ளைக்கு வயசு இருவத்தி ரெண்டு, உங்களுக்கு அம்பத்தி நாலா? உங்கம்மா நல்ல திடகாத்திரமா இருந்தாங்களோ?'ன்னாங்க. அடிச்சிட்டு 'தெரிஞ்சவர்'னு எழுதுனேன்.

பெர்சிஸ் வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. மன்னிப்பு கேக்கதப் பத்தி நான் மேடையில நின்னு பதினேழு செய்தி குடுத்திருக்கேன் சார். கேக்கணும்னு வரும்போது எங்கருந்து ஆரம்பிக்கன்னு தெரியல. 'நல்லாத் தேடியிருக்க பிள்ள, ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சிருக்கியே'ன்னேன். 'நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. நீ நான் சொல்லிக் குடுத்ததத்தான் பண்ணியிருக்க. நான்தான் பண்ணல'ன்னேன்.

அழுதா. வாட்ச்மேன் அம்மா எந்திரிச்சிட்டாங்க. நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

சரி, முடிஞ்சதுன்னு கெளம்புதேன். அவ விடல. 'அண்ணே, செல்வபாய் அக்காவுக்குத் தெரியுமா?'

'என்னது?'

'நீங்க பஸ்ல அழுதது.'

அந்தப் பிள்ளைக்கு வேற கேள்வியே கெடைக்காது சார்.

வீட்டுக்குப் போனேன். செல்வபாய் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தா. ஸ்கூல்ல தையல் டீச்சரா இருந்தவ. என் முகாமுக்கெல்லாம் அவ வந்ததே கெடையாது. ஊழியத்துல பாரம், அக்கறை இல்லாத பொம்பளைன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன், ரெண்டு மூணு செய்தியில பேரு சொல்லாம சொல்லியும் இருக்கேன். கிளிப்ப எடுத்துக் குடுத்துக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அவ கைய நிறுத்தல. என் சட்டைய உதறி உதறிப் போட்டுக்கிட்டிருந்தா.

'அழுதீங்களா?'ன்னா.

'கொஞ்சம்.'

'எவ்வளவு நேரம்?'

'ஆலங்குளத்துலருந்து... பாவூர்சத்திரம் வர.'

அப்பதான் கைய நிறுத்துனா. 'இருபத்தி மூணு வருஷமா உங்களுக்கு ஒண்ணுமே தோணலன்னு நெனச்சிட்டிருந்தேன்'னா. 'ஒரு வசனத்தச் சொல்லிட்டு பையத் தூக்கிட்டுப் போனீங்க. அந்த வார்டுல மத்த எல்லாக் கட்டில்லயும் பிள்ளை அழுதுச்சு. நான் செவத்தப் பாத்துப் படுத்திருந்தேன். எனக்கு வர வேண்டிய அழுகைய யாரோ ஒரு கண்டக்டருக்குக் குடுத்துட்டு வந்திருக்கீங்க.'

கிளிப்பு எல்லாம் கீழ விழுந்துட்டு. குனிஞ்சு பொறுக்குனேன். ராத்திரி சாப்பாடு போட்டா, ஆனா பேசல. நாலு நாள் பேசல. அஞ்சாவது நாள் சொன்னா, 'அந்த ஆளப் பாக்கணும்.'

போனோம். செங்கோட்டையில சின்ன ஓட்டு வீடு. சுடலைமுத்து சம்சாரம் இவளப் பாத்ததும் ஒரு வார்த்தையும் கேக்கல, கையப் புடிச்சு அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு ஆம்பளைங்களும் திண்ணையில உக்காந்து விட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தோம். இந்தத் தடவையாவது ஆண்டவரப் பத்தி முறையாப் பேசணும்னு பையில புதிய ஏற்பாடு வச்சிருந்தேன். மனுஷன் இந்த வருஷம் சாரல் எப்படிங்கதையே முக்கால் மணி நேரம் பேசுனாரு. எடுக்க வாய்ப்பே குடுக்கல. உள்ள செல்வபாய் அழுத சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சேன். சுடலைமுத்து, 'இருங்க சார், அவங்க பேசட்டும்'னாரு. உக்காந்துட்டேன்.

பிள்ளைக்கு அவ ஒரு பேரு வச்சிருந்திருக்கா சார். எனக்குத் தெரியாது. அந்த அடுப்படியில யாருன்னே தெரியாத ஒரு பொம்பளைகிட்டதான் முதல்ல சொல்லியிருக்கா. எனக்குச் சொல்ல இன்னும் ஒரு மாசம் ஆச்சு. என்ன பேருன்னு உங்ககிட்ட சொல்லல, தப்பா எடுத்துக்கிடாதீங்க.

சுடலைமுத்து இன்னும் இரட்சிக்கப்படல. ஜெபத்துல வச்சிருக்கேன். அவரும் எனக்காக மாடன்கிட்ட வேண்டிக்கிட்டிருக்கதா போன்ல சொன்னாரு. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?

சரி, உங்க கேள்விக்கு வாரேன். பிள்ளைய அனுப்பலாமா? முன்னாலயே சொல்லிருதேன், பழைய மாதிரி இங்க ஒரு கட்டுப்பாடு கெடையாது. நோட்ட பெர்சிஸ் எடுத்து உள்ள வச்சிட்டா. அவ இப்ப பி.எச்.டி. சேந்திருக்கா, வியாழக்கிழமை கூட்டத்த அவதான் நடத்துதா. நாப்பது பிள்ளைங்க வருது, உக்கார இடமில்ல. எதுக்கு வருதுன்னே தெரியல. ஜெபஸ்டின் அந்த ரூம்காரன் பக்கிரிச்சாமியையும் கூட்டிட்டு வாரான், அவன் கேக்கிற கேள்விக்கு ஒருத்தருக்கும் பதில் தெரியல, தெரியலன்னே சொல்லுதுங்க. செல்வபாய் வந்து அந்தக் கதவோரம் உக்காந்துக்கிடுதா, பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் அவளச் சுத்தித்தான் இருக்கும். என்ன யாரும் செய்தி குடுக்கச் சொல்லதில்ல. நாற்காலி எடுத்துப் போடச் சொல்லுதாங்க. ஆவிக்குரிய வளர்ச்சின்னு எழுதி அனுப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல சார். பிள்ளைங்க வருது, உள்ளதச் சொல்லுது, கொஞ்சம் அழுது, டீ குடிச்சிட்டுப் போகுது. நீங்க ஒரு தகப்பன். யோசிச்சுக்கிடுங்க.

அவ்வளவுதான். அஞ்சேகாலுக்கு உங்களுக்கு ஒரு தூத்துக்குடி வண்டி இருக்கு, இப்பக் கெளம்புனா புடிச்சிரலாம்.

என்ன சார், எந்திரிக்கலையா?

சார்?

...சரி, இருங்க. உக்காருங்க. ஃபேன நிப்பாட்டிருதேன், சத்தமா இருக்கு. அபிஷா கூட்டத்துக்கு வர இன்னும் அரை மணி நேரம் இருக்கு. நான் ஒண்ணும் பேசல. உங்க மனசுல உள்ளத நீங்க மெதுவா சொல்லுங்க.